கால்நடை மூட்டு அழற்சிக்குத் தோல்வழி மருந்து: எது மூட்டைச் சேரும், எது சேராது

மாத்திரையும் ஊசியும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கின்றன. வலிக்கிற மூட்டின் மேலேயே அழற்சி மருந்தைத் தடவித் தோல் வழியாக உள்ளே அனுப்ப முடியாதா? முடியும் என்றால் எந்த மருந்து, எவ்வளவு, எப்படி? இதுதான் கேள்வி. சுருக்கமான பதில்: குதிரையின் கீழ்க்கால் மூட்டுகளில் முடியும், அதற்கென்றே சோதித்து அனுமதித்த களிம்பு இருக்கிறது. மாட்டுக்கு முதுகில் ஊற்றுகிற மருந்து இருக்கிறது, ஆனால் அது மூட்டைத் தேடிப் போவதில்லை, ரத்தத்துக்குப் போகிறது. நாய், பூனை விஷயத்தில் தடவும் அழற்சி மருந்தால் கிடைக்கும் நன்மையைவிட ஆபத்துதான் பெரிது. ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தோல் மேல் போடுகிற மருந்தெல்லாம் ஒரே வகை இல்லை. ஒரு வகை, தடவிய இடத்துக்குக் கீழே தங்கி வேலை செய்வதற்காகத் தயாரித்தது. ரத்தத்தில் எவ்வளவு குறைவாகக் கலக்கிறதோ அவ்வளவு நல்லது. இன்னொரு வகை, தோலை ஊசிக்குப் பதிலான வாசலாகப் பயன்படுத்துவது. எங்கே ஊற்றினாலும் ரத்தத்தில் ஏறி உடல் முழுக்கப் பரவும். டிக்ளோஃபெனாக் என்ற அழற்சி மருந்தை லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் அடைத்துச் செய்த, குதிரைக்கான 1% களிம்பு முதல் வகை. ஃப்ளூனிக்ஸின் என்ற இன்னொரு அழற்சி மருந்தின், மாட்டுக்கான ஊற்று வடிவம் இரண்டாம் வகை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிற லாபம் முதல் வகையில்தான் கிடைக்கும். இரண்டாம் வகையில் தப்பிப்பது ஊசிக் குத்தும் தசையில் வரும் புண்ணும் மட்டும். பக்கவிளைவுகள் ஊசி மருந்துக்கு உள்ளவையேதான்.

தோலின் முக்கியமான தடை, மேல்தோலின் வெளி ஓரத்தில் இருக்கும் கொம்புப் படலம். இறந்து தட்டையான செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, இடையில் கொழுப்பு சாந்து போல நிரம்பியிருக்கும். பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். ஆனாலும் இதைத் தாண்டுவதுதான் கடினம்; தாண்டிவிட்டால் கீழே உள்ள தோல் ஈரமான திசு, அங்கே மருந்து எளிதாக நகரும். இதைக் கடக்க வேண்டுமானால் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் போனால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். கொழுப்பிலும் கரைய வேண்டும், நீரிலும் ஓரளவு கரைய வேண்டும். டிக்ளோஃபெனாக், ஃப்ளூனிக்ஸின் இரண்டும் சுமார் 296 டால்டன், கீட்டோபுரோஃபென் 254, மெலாக்ஸிகாம் 351. அளவில் எல்லாம் தேறிவிடுகின்றன. ஹையலூரோனிக் அமிலம், காண்ட்ராய்ட்டின் போன்றவற்றைக் களிம்பில் சேர்த்து மூட்டுக்கு என்று விற்பதைப் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவை பல்லாயிரம் முதல் பல லட்சம் டால்டன் எடையுள்ள நீளச் சங்கிலிகள். தோலுக்கு ஈரப்பதம் கொடுக்கும், மூட்டைத் தொடாது.

அளவு சரியாக இருந்தாலும் மின்னேற்றம் தடுக்கும். இந்த மருந்துகள் எல்லாம் மென்மையான அமிலங்கள். டிக்ளோஃபெனாக்கின் பிகேஏ, அதாவது மூலக்கூறுகளில் பாதி மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஹெச், ஏறக்குறைய 4. மனிதத் தோலின் மேற்பரப்பு பிஹெச் 5.5 அளவில் இருக்கும். நாய், குதிரைத் தோல்கள் பெரும்பாலும் நடுநிலைக்கு, அதாவது 7-க்குப் பக்கத்தில் இருக்கும். பிஹெச் 7-இல் டிக்ளோஃபெனாக் மூலக்கூறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். கொழுப்புச் சாந்துக்குள் நுழைவது அந்த ஒன்றுதான். மனிதருக்குச் செய்த ஜெல்லை அப்படியே மிருகத்தின் காலில் தேய்த்தால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாததற்கு இது ஒரு காரணம். ரோமம், வியர்வைச் சுரப்பி, தோலின் எண்ணெய்ப் பூச்சு என எல்லாமே இனத்துக்கு இனம் மாறுகின்றன என்பது அடுத்த காரணம்.

இந்தத் தடையைச் சமாளிக்கத்தான் லிப்போசோம். பாஸ்போலிப்பிட் சவ்வால் ஆன நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்தை அடைத்து வைக்கிறார்கள். சவ்வின் கொழுப்பு கொம்புப் படலத்தின் கொழுப்போடு கலந்து வழிவிடுகிறது, மருந்து ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்ல வெளிவருகிறது. இந்த உருண்டைகள் உறைந்தாலும் மிகச் சூடானாலும் உடையும். உடைந்த களிம்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், உள்ளே போகும் மருந்து குறைந்துவிடும். ஆகவே குழாயை வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்கக் கூடாது, உறைபெட்டியிலும் வைக்கக் கூடாது. 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத இடம் வேண்டும். மற்ற தயாரிப்புகளில் புரோப்பிலீன் கிளைக்கால், ஓலிக் அமிலம், மென்தால், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் போன்ற ஊடுருவல் ஊக்கிகள் இதே வேலையைச் செய்கின்றன. இவை தோலின் கொழுப்பு அடுக்கைக் கலைத்துத்தான் வழி உண்டாக்குகின்றன. அதனால் தோல் சிவப்பதும் செதிலாக உரிவதும் மருந்தைவிட இந்த ஊக்கிகளின் வேலையாக இருப்பதே அதிகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடிமனாக அப்பினால் அதிக மருந்து உள்ளே போகும் என்பது தவறு. தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்திலிருந்துதான் மருந்து நகர்கிறது; மேலே மிஞ்சுவது காய்ந்து உதிரும், இல்லாவிட்டால் நக்கி வயிற்றுக்குப் போகும். உள்ளே போகும் அளவைக் கூட்டுவது பரப்பு. இரண்டு மடங்கு பரப்பில் தடவினால் உடலுக்குள் போகும் மொத்த மருந்தும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஒரே நேரத்தில் பல மூட்டுகளுக்குத் தடவக் கூடாது என்ற எச்சரிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

தோலைத் தாண்டிய மருந்துக்கு இரண்டு வழி. ஒன்று, தோலடித் திசு, மூட்டுறை, மூட்டுப் படலம் என்று நேராக இறங்குவது. மற்றது, தோலடியில் உள்ள நுண்ணிய ரத்த நாளங்கள் அதை அள்ளிக்கொண்டு போவது. பெரும்பகுதி இரண்டாவது வழியில்தான் போகும். அழற்சி கண்ட இடத்தில் ரத்த ஓட்டம் கூடுதலாக இருப்பதால் அங்கே இந்த அள்ளல் இன்னும் வேகம். நேராக இறங்கும் கொஞ்ச மருந்து பயன் தர வேண்டுமானால் மூட்டுக்கும் தோலுக்கும் நடுவில் தசையோ கொழுப்போ தடிமனாக இருக்கக் கூடாது. குதிரையின் முன்முழங்கால், பின்காலின் ஹாக் மூட்டு, குளம்புக்கு மேலே உள்ள ஃபெட்லாக், அதற்கும் கீழே உள்ள பாஸ்டெர்ன் ஆகியவை தோலும் தசைநாரும் மட்டும் போர்த்திய மூட்டுகள். அமெரிக்காவில் 2004-இல் சர்பாஸ் என்ற பெயரில் அனுமதி பெற்ற 1% டிக்ளோஃபெனாக் களிம்பின் அனுமதிப் பட்டியலில் இந்த மூட்டுகள்தான் இருக்கின்றன. இடுப்பு, தோள், ஸ்டைஃபிள் எனப்படும் பின்கால் மேல்மூட்டு இவை பட்டியலில் இல்லை. குளம்பு ஓட்டுக்குள் அடங்கிய காஃபின் மூட்டும் இல்லை. கொம்புப் பொருளாலான குளம்பை எந்தக் களிம்பும் ஊடுருவாது.

இனி குதிரைக்குச் செய்யும் முறை. மருந்தை எடுப்பதற்கு முன் அது கிருமி புகுந்த மூட்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதில் தவறினால் குதிரையையே இழக்க நேரும். காலை ஊன்றவே மறுப்பது, மூட்டு சூடாக வீங்கியிருப்பது, அருகில் காயம், அண்மையில் அந்த மூட்டுக்குள் ஊசி போட்ட வரலாறு, இவற்றில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவர் மூட்டுநீரை எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டுநீரில் வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு சில நூறுதான் இருக்கும், புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 2 கிராம் அளவைத் தாண்டாது. அணுக்கள் 30,000-க்கு மேலும் புரதம் 4 கிராமுக்கு மேலும் போய், பெரும்பாலானவை நியூட்ரோஃபில்களாக (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணு) இருந்தால் கிருமித் தொற்று என்று எடுத்துக்கொண்டு மூட்டைக் கழுவும் சிகிச்சைக்குப் போவதுதான் வழி. அழற்சிக் களிம்பு அப்போது வலியை மறைத்து நாளைக் கடத்தும். மூட்டுக்குள் ஒவ்வொரு நாளும் குருத்தெலும்பு கரையும்.

தேய்மான மூட்டழற்சி என்று உறுதியானால் அளவு இது: களிம்பை 5 அங்குல நீளத்துக்கு நாடா போலப் பிதுக்க வேண்டும். அது ஏறக்குறைய 7.3 கிராம், அதில் 73 மில்லிகிராம் டிக்ளோஃபெனாக். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 மணி நேர இடைவெளியில், அதிகபட்சம் 10 நாள். ஒரு நாள் மொத்தம் 146 மில்லிகிராம் ஆகிறது. மனிதர் ஒருவர் வாய்வழி எடுக்கும் ஒரு நாள் அளவும் 100 முதல் 150 மில்லிகிராம்தான். இங்கே அது 500 கிலோ உடலுக்கு, அதிலும் ஒரு பகுதிதான் உள்ளே போகிறது. குதிரையின் மற்ற உறுப்புகள் ஏன் தப்பிக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதே குதிரைக்கு வாய்வழி ஃபீனைல்பியூட்டசோன் என்ற அழற்சி மருந்து என்றால் கிலோவுக்கு 2.2 முதல் 4.4 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள், அதாவது ஒன்றிலிருந்து இரண்டு கிராம். நீடித்துக் கொடுத்தால் இரைப்பைப் புண், சிறுநீரகச் சேதம், வலப்பக்கப் பெருங்குடல் அழற்சி என்று வருவது தெரிந்ததே.

தடவும் இடம் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். சேறு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி முழுக்க உலரவிட்டுத் தொடங்குங்கள். ரோமத்தை மழிக்கத் தேவையில்லை. சவரக்கத்தியால் மழித்தால் கொம்புப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, தோல் எரிவதோடு உறிஞ்சும் அளவும் கணக்கு தவறும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, களிம்பை மூட்டைச் சுற்றிப் பரப்பி, ரோமத்துக்குள் மறையும்வரை தேய்க்க வேண்டும். மேலாக வெள்ளைப் பூச்சு தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். கையுறையை அலங்காரமாக நினைக்க வேண்டாம். தினம் இரண்டு வேளை பத்து நாள் வெறுங்கையால் தேய்ப்பவர், தானும் அந்த மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். கர்ப்பிணிகள், குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்கள், இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. கருவிலுள்ள குழந்தையின் இதயத்தருகே இருக்கும் ஒரு ரத்த நாளம் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ள இவ்வகை மருந்துகள் காரணமாகலாம்.

தடவிய பின் கட்டுப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கட்டுக்குள் வியர்வை தங்கித் தோல் ஊறிவிடும். ஊறிய கொம்புப் படலம் பல மடங்கு மருந்தை விடும். சூடும் சேர்ந்தால் கொப்புளம் வரும். பிளாஸ்டிக் சுற்றிய கட்டு இன்னும் மோசம். போக்குவரத்துக் கட்டு அவசியம் என்றால், களிம்பு முழுக்க உறிஞ்சிய பிறகு, அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கும்போது குறைந்த நேரம் மட்டும் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதே இடத்தில் வேறு தைலம், எரிச்சல் தரும் லினிமென்ட், அயோடின் கலவை எதையும் பூசக் கூடாது. கீறல், புண், தோல் நோய் உள்ள இடத்தில் தடுப்புச் சுவரே இல்லை. அங்கே தடவுவதும் ஊசி போடுவதும் அதிகத் தூரத்தில் இல்லை.

தடவும் மருந்து என்பதால் கூடவே ஃபீனைல்பியூட்டசோனும் ஃப்ளூனிக்ஸினும் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். கூடாது. இவை எல்லாம் ஒரே சைக்ளோஆக்ஸிஜினேஸ் நொதியைத் தடுப்பவை. இரைப்பைச் சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினும் சிறுநீரக ரத்த ஓட்டத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினும் அதே நொதியிலிருந்துதான் வருகின்றன. இரண்டு மருந்து சேர்ந்தால் வலி குறைவது கொஞ்சம்தான் கூடும், புண் வருவது அதைவிட அதிகமாகக் கூடும். கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டோடு சேர்ப்பது இன்னும் ஆபத்து. நீர்ச்சத்து குறைந்த குதிரைக்கும் சிறுநீரக நோய் உள்ள குதிரைக்கும் களிம்பு என்றாலும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அனுமதித்த அளவைவிட அதிகமாகத் தடவிய பாதுகாப்புச் சோதனைகளில் எடை குறைவும் இரைப்பைப் புண்ணும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே தீவனத்தில் ஆர்வம் குறைவது, வயிற்று வலி, சாணம் இளகுவது, ஈறு வெளிறுவது, சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளிலும், சினைக் குதிரை, பால் கொடுக்கும் குதிரைகளிலும் இதன் பாதுகாப்பு சோதிக்கப்படவில்லை. இறைச்சிக்குப் போகும் குதிரைக்கு இது அனுமதிக்கப்படவில்லை.

பலனைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள். தொடங்கும் நாளில் மூட்டின் சுற்றளவை அளவுநாடாவால், ஒரே உயரத்தில், இரண்டு கால்களிலும் அளந்து எழுதி வையுங்கள். நொண்டலை 0 முதல் 5 வரையிலான அளவுகோலில், கடினமான தரையில் நேர்க்கோட்டில் மெல்லோட்டம் விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடும் சோதனையையும் அதே நேர அளவில் செய்யுங்கள். இதையே 4-ஆம் நாளும் 10-ஆம் நாளும் திரும்பச் செய்தால் மருந்து வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். தோல் வழியாகப் போகும் மருந்து திசுவில் சேர நேரம் எடுக்கும் என்பதால் முதல் நாளே முடிவு கட்டக் கூடாது. ஆனால் 10 நாளும் கழித்து மாற்றமே இல்லை என்றால், இன்னொரு குழாய் வாங்குவதைவிட எக்ஸ்ரே எடுப்பதே மேல். நோய் அந்த மூட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

போட்டிக் குதிரைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தடவியது ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரியும், சோதனைக்கூடங்கள் அதைக் கண்டுபிடிக்கும். 2008 ஒலிம்பிக்கில், ஹாங்காங்கில் நடந்த குதிரைத் தாண்டல் போட்டியில் நான்கு குதிரைகள் கேப்சைசின் இருப்பதாகச் சோதனையில் சிக்கின. அதில் நார்வே அணி வெண்கலத்தை இழந்தது. கேப்சைசின் மிளகாயின் காரப்பொருள், தசை வலிக்குத் தடவுகிற களிம்புகளில் இருப்பது. டிக்ளோஃபெனாக்குக்கும் இதே விதிதான். போட்டி அமைப்பின் விலக்கு நேரத்தை (போட்டிக்கு எவ்வளவு முன்பே மருந்தை நிறுத்த வேண்டும் என்பதை) கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளியும் விட்டு நிறுத்துங்கள். அனுமதித்த அளவைத் தாண்டியவர்களுக்கும், இரண்டு மூட்டுக்குத் தடவியவர்களுக்கும் அந்த நேரக் கணக்கு பொருந்தாது.

அடுத்து டிஎம்எஸ்ஓ. மரக்கூழ்த் தொழிலின் துணைப்பொருளாகக் கிடைக்கிற டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு. அமெரிக்காவில் 1970-இல் குதிரைக்கும் நாய்க்கும் அடிபட்ட வீக்கத்தைக் குறைக்க 90% வலிமையில் அனுமதி பெற்றது. குதிரைக்கு ஒரு நாளில் 100 கிராமுக்கு மேலும் 30 நாளுக்கு மேலும் கூடாது; நாய்க்கு 20 கிராம், 14 நாள். இது தானே அழற்சியைக் குறைக்கும், கூடவே தோலை மிக வேகமாகக் கடக்கும்; கடக்கும்போது மேலே இருக்கும் வேறு பொருள்களையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கேதான் ஆபத்து. முன்பு பூசிய பூச்சிமருந்தின் எச்சமோ, அழுக்கோ, உங்கள் விரலில் ஒட்டிய எதுவோ அதோடு சேர்ந்து உள்ளே போகும். ஆகவே இதைத் தடவும் முன் தோலைக் கழுவி உலர்த்துவதும் ரப்பர் கையுறை போடுவதும் கட்டாயம். தொழிற்சாலைக் கரைப்பான் தரத்தில் உள்ளதைப் பயன்படுத்தவே கூடாது, அதிலுள்ள மாசும் கூடவே போகும். மிருகத்தின் மூச்சிலும் தடவுகிறவரின் வாயிலும் பூண்டு வாடை வருவது இயல்பு. அந்த வாடையே, தோல் வழியாக எவ்வளவு விரைவில் ரத்தத்துக்குப் போகிறது என்பதற்குச் சாட்சி. அழற்சி மருந்தை இதில் கரைத்துத் தடவும் வழக்கம் உண்டு. எவ்வளவு மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்பது அளந்து தெரியாத கலவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருந்துக்கடையில் கலந்து தருகிற தோல்வழி ஜெல்களும் இதே பெட்டியில்தான் அடங்கும். பிளூரானிக் லெசித்தின் ஜெல் என்பது இவற்றில் பழகியது: ஐசோபுரோப்பைல் பால்மிட்டேட்டில் கரைத்த லெசித்தினோடு பாலாக்ஸமர் 407 ஜெல்லைக் கலந்து செய்வது. தைராய்டு கூடிய பூனைக்கு மெத்திமசோலை இப்படிக் காதில் தடவுவது நன்றாக வேலை செய்கிறது. அதைப் பார்த்து அழற்சி மருந்துக்கும் அதே ஜெல்லை நம்புகிறார்கள். அங்கே வெற்றி பெற்ற மூலக்கூறு சிறியது, சாதாரண அளவிலேயே போதுமான விளைவைத் தருவது. மூட்டுக்குப் போக வேண்டிய அழற்சி மருந்தில் வேண்டியது வேறு செறிவு, வேறு இடம். ஜெல் குளிரில் பிரிந்துவிடும் என்பதும் ஒரு சிக்கல். குளிர்பதனப் பெட்டியில் வைத்தது இரண்டு அடுக்காகியிருந்தால் ஒவ்வொரு வேளையும் வெவ்வேறு அளவு மருந்துதான் போகும். குலுக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

மாட்டுக்கு வருவோம். ஃப்ளூனிக்ஸின் ஊற்று மருந்து ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம். அளவு கிலோவுக்கு 3.33 மில்லிகிராம், ஒரே தடவை. 450 கிலோ மாட்டுக்கு 1,500 மில்லிகிராம், அதாவது 30 மில்லிலிட்டர். ஊசியில் போடும்போது 1.1 முதல் 2.2 வரை போதும். இங்கே கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணம் ஊற்றியதில் ஏறக்குறைய பாதிதான் ரத்தத்தை எட்டும். அமெரிக்காவில் 2017-இல் உணவுக் கால்நடைகளின் வலிக்கென்று முதலில் அனுமதி பெற்ற மருந்து இதுதான்; அங்கே அப்போது அனுமதித்தது குளம்பழுகல் நோயின் வலிக்கும் சுவாச நோயின் காய்ச்சலுக்கும். ஐரோப்பாவில் குளம்பிடைத் தோல் அழற்சி வகைகளின் நொண்டலும் கடுமையான மடிநோயும் சேர்ந்திருக்கின்றன. கவனிக்க வேண்டியது, இந்தப் பட்டியலில் தேய்மான மூட்டழற்சி இல்லை. வயதான மாட்டின் முட்டி வீக்கத்துக்கு இதைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது அனுமதியைத் தாண்டியது. நொண்டும் மாட்டில் கோளாறு பெரும்பாலும் குளம்பில்தான் இருக்கும். குளம்பைத் தூக்கிச் சீவிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊற்றும் முறை எளிது. முதுகு காய்ந்திருக்க வேண்டும், சாணமும் ஈரமும் கூடாது. திமிலிருந்து வால் அடி வரை நடுமுதுகில் மெல்லிய கோடாக, ஒரே சீராக, சொட்டாமல் ஊற்ற வேண்டும். பக்கவாட்டில் வழிந்தால் அந்த அளவு வீண். ஊற்றிய பின் குறைந்தது 6 மணி நேரம் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடுகள் ஒன்றையொன்று நக்கும், நக்கிய மாட்டுக்கு வேறு வகையில் மருந்து போகும். அதனால் மருந்து காயும்வரை தனியாகக் கட்டுவது நல்லது. கன்று ஈனுவதற்கு 48 மணி நேரத்துக்குள் இருக்கும் மாட்டுக்கு ஊற்றக் கூடாது, நஞ்சுக்கொடி தங்கும் வாய்ப்பு இருக்கிறது. பால், இறைச்சிக்கான விலக்குக் காலத்தை அந்தந்த நாட்டின் லேபிளில் பாருங்கள். ஐரோப்பாவில் இறைச்சிக்கு 7 நாள், பாலுக்கு 36 மணி நேரம், அமெரிக்காவில் இறைச்சிக்கு 8 நாள், பாலுக்கு 48 மணி நேரம். தோல் வழியாகப் போனது என்பதால் எச்சம் குறைவு என்று எண்ண வேண்டாம். தோலில் தேங்கிய மருந்து மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

நாய், பூனை விஷயத்தில் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. முதியோர் தங்கள் மூட்டுக்குத் தடவும் டிக்ளோஃபெனாக் ஜெல்லை வீட்டு நாயின் இடுப்பிலும் தேய்ப்பது பல வீடுகளில் நடக்கிறது. நாயின் இடுப்பு மூட்டு பிட்டத் தசைக்கு அடியில் இருக்கிறது. மருந்து அங்கே சேர வாய்ப்பில்லை. ஆனால் நாக்கு சேரும். நாய்க்கு டிக்ளோஃபெனாக்கின் குடல் பாதிப்பு மிக அதிகம். ரத்த வாந்தியும் தார் போன்ற கறுத்த மலமும் வருவது இப்படித்தான். பூனையின் கல்லீரலில் இந்த மருந்துகளைக் கழிக்கும் குளுக்குரோனைடு பாதை பலவீனமானது. 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வீட்டில் ஃப்ளர்பிபுரோஃபென் களிம்பைத் தடவியவர்களின் பூனைகள் சிறுநீரகம் செயலிழந்ததையும் சில இறந்ததையும் சொல்லி எச்சரித்தது. அந்தப் பூனைகளுக்கு யாரும் மருந்து தடவவில்லை. மனிதர்கள் தங்களுக்குத் தடவிக்கொண்டதே போதுமாயிற்று. தடவிய கையால் பூனையைத் தொடாதீர்கள், தடவிய இடத்தைத் துணியால் மூடுங்கள், துடைத்த துணியைக் கிடக்கவிடாதீர்கள். நாயின் மூட்டழற்சிக்கு வாய்வழி மெலாக்ஸிகாம், முதல் நாள் கிலோவுக்கு 0.2, பிறகு 0.1 மில்லிகிராம் என்ற அளவில், எடைக் குறைப்போடும் அளவான நடையோடும் கொடுப்பதே நிலைத்த வழி. அதுவும் ரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லித்தான்.

கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். அல்ட்ராசவுண்டால் மருந்தைத் தள்ளுவது ஃபோனோஃபோரெசிஸ். 3 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழமும் 1 மெகாஹெர்ட்ஸ் அலை இன்னும் ஆழமும் போகும். இங்கே ரோமத்தை ஒட்டக் கத்தரித்தாக வேண்டும், ரோமத்தில் சிக்கிய காற்று அலையைத் திருப்பிவிடும். வெள்ளையான தடித்த களிம்புகள் பல ஒலியைக் கடத்துவதே இல்லை. அப்படிப்பட்டதை வைத்து ஓட்டினால் மருந்தும் போகாது, அல்ட்ராசவுண்டும் போகாது. தெளிவான ஜெல்லே வேண்டும். மின்னோட்டத்தால் தள்ளுவது அயன்டோஃபோரெசிஸ். டெக்ஸாமெத்தசோன் பாஸ்பேட் எதிர்மின்னேற்றம் கொண்டது, அதை எதிர்மின்வாயின் கீழ் வைக்க வேண்டும். நேர்மின்வாயில் வைத்தால் மருந்து தோலுக்கு எதிர்த்திசையில் இழுபடும். இந்த முறையில் தோலுக்கும் தோலடிக்கும் மருந்து போகிறது. மூட்டுநீரில் சிகிச்சைக்குப் போதுமான அளவு சேர்வதை நம்பிச் செய்யும் நிலை இல்லை. மின்வாய் சரியாக ஒட்டாத இடத்தில் தோல் கருகும். மயக்க மருந்து கொடுத்த மிருகம் எரிச்சலைக் காட்டாது என்பதால் இன்னும் கவனம் தேவை.

கடைசியாக ஒன்று, டிக்ளோஃபெனாக்கைப் பற்றியது. 2004-இல் பாகிஸ்தானில் பாறுக் கழுகுகள் சாவதற்குக் காரணம் கால்நடை டிக்ளோஃபெனாக் என்று கண்டறிந்தார்கள். மருந்து கொடுத்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் நின்று, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெண்பூச்சாகப் படிந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006-இல் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தன, வங்கதேசம் 2010-இல். டிக்ளோஃபெனாக்காக உடலில் மாறும் அசெக்ளோஃபெனாக்கையும், கீட்டோபுரோஃபெனையும் இந்தியா 2023-இல் தடை செய்தது. அந்த நாடுகளில் மனித ஜெல்லை எடுத்துக் கால்நடைக்குத் தடவுவதும் இதே வலையில்தான் விழுகிறது. தடவிய தோலும் ரோமமும் பிணத்தோடு வெளியே போடப்பட்டால் கழுகு அதையும் தின்னும். ஸ்பெயினில் ஃப்ளூனிக்ஸினாலும் கழுகு இறந்திருக்கிறது. மெலாக்ஸிகாமும் டால்ஃபெனமிக் அமிலமும் கழுகுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்தவை. இந்தத் தடை உள்ள இடங்களில் குதிரைக்கான களிம்பைத் தேடுவதை விட்டுவிட்டு, குதிரைக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், மாட்டுக்கு 0.5 மில்லிகிராம் மெலாக்ஸிகாமை மருத்துவர் வழியாகக் கொடுங்கள். மருந்து கொடுத்த மிருகம் இறந்தால் வெளியே போடாமல் ஆழப் புதைத்துவிடுங்கள்.